ஊற்றி முடித்த பிறகு டீ

நன்றி சொல்வதில் நறுமுகை என்றைக்குமே கஞ்சத்தனம் காட்டியதில்லை. ஆனால் திறப்பு விழா மேடையில் அதை ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று ஒலி அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தபோது திணறிப்போனாள். முப்பத்து மூன்று வருஷமாகச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவள் அவள். ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று வைத்தாலும் அரை நாள் ஆகும்.

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கிடங்குதான் அவளுடைய பட்டறை. அங்கே உட்கார்ந்து பட்டியல் போட்டாள். முதல் பெயர் பக்கத்து வீட்டுக்காரருடையது. உடைந்த கிரைண்டர் கல்லில் வயலின் வில்லைத் தேய்த்து அவள் எழுப்பிய முதல் சத்தத்தைக் கேட்டு, யாரோ பன்றி பிடிக்கிறார்கள் என்று போலீசுக்குப் போன் செய்தவர் அவர். ஒன்பது முறை புகார் செய்துவிட்டுப் பத்தாவது முறை நாற்காலியோடு வந்து வாசலில் உட்கார்ந்து கேட்டார். அடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த முதல் கச்சேரிக்கு வந்த பதினோரு பேர். அதில் நான்கு பேர் ஏசிக்காக வந்தவர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. பரவாயில்லை, அவர்களுக்கும் நன்றி. தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையை வைத்து அவள் செய்த தாளக் கருவிக்கு நாடா கொடுத்த சோமனூர் நெசவாளர்கள், குழாய் வளைத்துக் கொடுத்த பிளம்பர், அவளை விட்டுப் போனாலும் அவள் கருவிகளைத் தூக்கி எறியாமல் போன முன்னாள் கணவர் என்று பட்டியல் நீண்டது.

கடைசி வரியில் "கேண்டீன் டீக்கு நன்றி" என்று எழுதிச் சிரித்துக்கொண்டாள். அந்த டீ இல்லையென்றால் பட்டியல் எழுத அவளே இருந்திருக்க மாட்டாள்.

இருபத்திரண்டு வயதில் நற்கதிர் பவுண்டரியில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தாள் நறுமுகை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பம்புகளுக்காக அங்கே ஒரு புதிய உலோகத்தை வார்த்துப் பார்த்தார்கள். நினைவிரும்பு என்று பெயர் வைத்தார்கள். உறையும்போது தன்னைச் சுற்றிக் கேட்கும் சத்தத்தை அது உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆயிரம் அடி ஆழத்தில் ஓடும் பம்பு, தான் பிறந்தபோதிருந்த ஒலியோடு தன்னுடைய இன்றைய ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோளாறு வந்தால் தானே சொல்லும். யோசனை பிரமாதம்தான். ஆனால் இரும்புக்கு எதைக் கேட்பது, எதை விடுவது என்று யார் சொல்லிக் கொடுப்பது? பவுண்டரியின் கிரேன் சத்தம், சுத்தி சத்தம், அரட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டது. கிணற்றுக்குள் போன பம்புகள், கிரேன் சத்தத்தைக் காணோமே என்று நாளெல்லாம் கோளாறு கோளாறு என்று கத்தின. விவசாயிகள் பம்பைக் கழற்றி வந்து பவுண்டரி வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வார்ப்புகளில் அறுபதைத்தான் நறுமுகை வாங்கிக் கருவிகளாக்கினாள். அவற்றில் நாற்பத்தொன்றாம் எண் அவளுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நத்தை ஓடு போலச் சுருண்ட பம்பு உறை அது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் வில்லை இழுத்தால் நீண்ட ரீங்காரம் ஒன்று கிளம்பும். அந்த ரீங்காரத்தின் அடியிலிருந்து, டொக்... டொக்... என்று மந்தமாக இரண்டு தட்டு வரும். கேட்பவர் மூச்சு ஒரு கணம் நிற்கும். அந்த இரண்டு தட்டைப் பற்றி மூன்று மொழிகளில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒருவர் அதைக் கருவின் இதயத் துடிப்பு என்றார். இன்னொருவர் பிரபஞ்சம் கதவைத் தட்டுகிறது என்றார். நறுமுகைக்கும் அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை என்பதால் புன்னகைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள்.

நாற்பத்தொன்று அச்சில் உறைந்துகொண்டிருந்த அதே காலையில்தான் பவுண்டரியில் விபத்து நடந்தது. உருகிய இரும்பைச் சுமக்கும் லேடில் என்ற பெரிய வாளி, கிரேன் கொக்கி உடைந்து விழுந்தது. லேடிலைத் திருப்பி அச்சில் ஊற்றும் மேஸ்திரி திருமூர்த்தியும் அவருடைய உதவியாள் பொன்னுச்சாமியும் அங்கேயே இறந்துபோனார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை நறுமுகை அதே இடத்தில் நின்றிருந்தாள். திருமூர்த்தி எல்லோர் முன்னாலும் அவளை அதட்டி, கேண்டீனில் போய் டீ வாங்கி வரச் சொன்னார். பட்டம் வாங்கிய பெண்ணை, பத்து ஆண்கள் முன்னால். கண்ணீரும் கோபமுமாக அவள் கேண்டீன் வாசலை அடைந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

இந்தக் கதையை அவள் சொல்லாத மேடையில்லை. "பொம்பளைன்னா டீ வாங்கத்தான் லாயக்குன்னு நெனச்ச ஒரு மனுஷனோட திமிருதான் என் உயிரைக் காப்பாத்துச்சு" என்பாள். கூட்டம் சிரிக்கும், கை தட்டும். பிறகு நாற்பத்தொன்றை வாசிப்பாள்.

நன்றியுரையில் ஐந்தாவது திருத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். காக்கிச் சட்டை, தோளில் கருவிப் பை. லிஃப்டுகளையும் கிரேன்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை தனக்கு என்றாள். பெயர் தர்ஷினி என்றாள். இந்தக் கிடங்கில் பழைய சங்கிலி கிரேன் ஒன்று இருப்பது நறுமுகைக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எண்ணிக் காட்டப் போனாள்.

"அதுக்கு வரலீங்க. உங்க நாப்பத்தொண்ண ஒருக்கா வாசிச்சுக் காட்டறீங்களா?"

ரசிகைகளுக்கு நறுமுகை மறுப்பு சொல்வதில்லை. துணியை விலக்கி, தண்ணீர் ஊற்றி, வில்லை எடுத்தாள். ஐந்தாறு வருஷமாகவே விரல்கள் வளைந்து மரத்துப் போயிருந்தன. சுத்தி பிடிக்க முடியாது, புதிய கருவி செய்ய முடியாது, வில்லை மட்டும் எப்படியோ இழுத்துவிடுவாள். ரீங்காரம் எழுந்தது. டொக்... டொக்...

தர்ஷினி கண்ணை மூடவில்லை, மூச்சையும் பிடிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு சின்னச் சுத்தியை எடுத்தாள். கிடங்கின் சங்கிலி கிரேனுக்குப் போய் அதன் கொக்கியை இரண்டு முறை தட்டினாள். டிங்... டிங்... என்று அது தெளிவாகப் பேசியது. இரண்டு தட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி, நாற்பத்தொன்றில் இருந்த அதே இடைவெளி.

"ஒருக்கா தட்டி, அந்தச் சத்தம் அடங்கறவரைக்கும் பொறுத்து, மறுக்கா தட்டோணும். எங்கப்பா பழக்கமுங்க. எனக்கும் அதான். நல்ல கொக்கி இப்படி மணியாட்டம் பேசும். விரிசல் உட்ட கொக்கி பேசாது. உங்க கருவில வருது பாருங்க, அப்படித்தான் டொக்குன்னு விழும்." சுத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, நிறுத்திச் சொன்னாள். "நான் திருமூர்த்தி மகளுங்க."

நறுமுகை வில்லைக் கீழே வைத்தாள். அவளை உட்கார வைத்துவிட்டுத் தர்ஷினி நின்றுகொண்டே மீதியைச் சொன்னாள். கொக்கியைச் சோதிக்காமல் லேடிலைத் தூக்கச் செய்தது மேஸ்திரி திருமூர்த்தியின் கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை சொன்னது. பொன்னுச்சாமியின் வீடு இவர்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. தன் புருஷன் எதிர்வீட்டு மனுஷனைக் கொன்றுவிட்டார் என்ற நினைப்பில் தர்ஷினியின் அம்மா முப்பத்து மூன்று வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. தண்ணீர் பிடிக்கக்கூட அவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் போவார். தர்ஷினியும் எந்தக் கம்பெனிக்குச் சோதனைக்குப் போனாலும், கொக்கி பார்க்காத திருமூர்த்தி மகளா என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை.

"இப்பத்தான் நாலு வருஷமா இந்த இரும்புக்குள்ள இருக்கற பேச்சையும் எடுக்கலாம்னு ஆயிருச்சுங்களே. அதுல எங்கப்பா பேச்சு இருக்கும். அதை உருக்கோணுமுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் சொன்னது உண்மைதான். ஏதோ ஒரு ஊரில் ஒரு கல்லூரிப் பெண் பழைய பம்பு ஒன்றைச் சோதனைக்காக உருக்கப் போக, இரண்டு முதலாளிகள் பேசிக்கொண்ட ரகசியம் வெளியே வந்தது. அதிலிருந்து வழக்குகள், குடும்பச் சண்டைகள், இரண்டு கல்யாண முறிவுகள். கேட்கிற இரும்பு பக்கத்தில் இருந்தால் யார்தான் நிம்மதியாகப் பேசுவார்கள்? அரசாங்கம் நினைவிரும்பு தயாரிப்பதையே தடை செய்தது. கம்பெனிகள் பழைய வார்ப்புகளைத் தேடித் தேடி வாங்கி, சத்தமில்லாமல் உருக்கின. விபத்து நாளில் வார்த்தவை எல்லாம் அப்படியே போய்விட்டன. நறுமுகை கிடங்கில் இருந்த நாற்பத்தொன்று மட்டும்தான் மிச்சம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் நறுமுகை. முடியாது என்பதைப் படித்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று தர்ஷினிக்குத் தெரியாதா என்ன? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னால திருப்பூர்ல உங்க கச்சேரிக்கு வந்தேனுங்க. டீ கதை சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நானும் சிரிச்சேன். ஆனா ஒண்ணுங்க. லேடில் தொங்கீட்டு இருக்கையில எங்கப்பா டீ கேட்டுருக்க மாட்டாரு. ஊத்தி முடிச்ச பொறகுதான் டீ. எந்தப் பவுண்டரிலயும் அதான் வழக்கம். ஊட்டுலகூட, அடுப்பு அணைச்சாத்தான் அவரு டம்ளரைத் தொடுவாரு."

அவள் போன பிறகு நறுமுகைக்கு வேலை ஓடவில்லை. வழக்கம் அவளுக்கும் தெரியும். எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தாளே, உருகிய இரும்பு அந்தரத்தில் இருக்கும்போது ஒருவர்கூட டீ டம்ளரைத் தொட்டதில்லை. தெரிந்தும் முப்பத்து மூன்று வருஷம் அது அவளுக்கு உறைக்கவில்லை. அவமானப்பட்ட மனசு அவமானத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும்போலிருக்கிறது. திருப்பூர் மேடையும், பின்வரிசையில் வேண்டாவெறுப்பாகச் சிரித்த ஒரு முகமும் அவளைச் சாப்பிடவிடவில்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ராவுத்தரைப் பார்க்கப் போனாள். நவாஸ் ராவுத்தர் ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் பேராசிரியர்; அவளுடைய கருவிகளில் பாதிக்கு விரிசல் ஒட்டிக் கொடுத்த நண்பர்; பட்டியலில் ஏழாவது பெயர். நினைவிரும்பைச் சோதனைக்காக உருக்க அனுமதி உள்ள உலை அவரிடம் இருந்தது.

"உருக்காம எடுக்க வழியே இல்லையா ராவுத்தரே?"

"இல்லம்மா. நீ வில்லை இழுத்தா மேல்தோல்ல இருக்கறது மட்டும் வரும். தோல் உறையற நேரத்துல ஓங்கின சத்தம் எதுவோ அது. அடியில இருக்கற பேச்சு, சூடு ஏறி இளகும்போதுதான் வெளிய வரும். அதுவும் ஒரே தடவை. பக்கத்துல மைக் இருந்தாப் பிடிச்சுக்கலாம். இல்லைன்னா காத்தோட போச்சு."

"திரும்ப வார்த்துக்கலாமில்ல?"

"வார்க்கலாம். உறையற நாப்பது நிமிஷமும் அதுக்குக் காது திறந்திருக்கும், அப்பறம் மூடிக்கும். ஆனா அது வேற இரும்பு. உன்னோட டொக் டொக் அதுல இருக்காது." ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் யோசிச்சுக்க. அந்த மனுஷன் நெஜமாவே கொக்கியைப் பாக்காம தூக்கியிருந்தா? தட்டினது வேற யாராவதா இருந்தா? அந்தப் பொண்ணுக்கு இருக்கற கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிடும். உன் கருவியும் போயிடும்."

இதையே தர்ஷினியிடம் போனில் கேட்டாள் நறுமுகை.  எதுவானாலும் தெரிந்தால் போதும், தெரியாமல் இருப்பதுதான் அம்மாவைத் தின்கிறது என்றாள் தர்ஷினி.

நாற்பத்தொன்றை உருக்கப்போவதாகச் சொன்னபோது அருங்காட்சியக இயக்குநர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு கெஞ்சினார். நடுக்கூடமே நாற்பத்தொன்றுக்காகக் கட்டியது, அழைப்பிதழில் அதன் படம்தான் இருக்கிறது, அது இல்லையென்றால் திறப்பு விழாவில் அவள் பெயரை எங்கே போடுவது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நறுமுகையின் கைகள் இனி எதையும் செய்யப்போவதில்லை, அந்த இரும்பும் இனி கிடைக்கப்போவதில்லை. அவளுக்கென்று உலகத்தில் நிற்கப்போவது அந்த ஒரு கருவிதான். அன்று மாலை அதன் பக்கத்தில் உட்கார்ந்து, துணியால் துடைத்துக்கொண்டே கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, தர்ஷினிக்கு உருக்கும் நாளைச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ராவுத்தரின் ஆய்வுக்கூடத்தில் மூவரும் கூடினார்கள். உலைக்குள் வைக்கும் முன் நறுமுகை கடைசியாக ஒருமுறை வில்லை இழுத்தாள். டொக்... டொக்... தர்ஷினி கையெடுத்துக் கும்பிட்டாள். கருவியையா, அப்பாவையா என்று கேட்கத் தோன்றவில்லை.

கதவு மூடியது. உலையின் சுவரில் பதித்திருந்த மைக்குகள் என்ன பிடித்தன என்று யாருக்கும் கேட்கவில்லை. திரையில் கோடுகள் மட்டும் துள்ளின. உருகி முடிந்ததும் இரும்பு காத்திருக்காது என்று ராவுத்தர் அவசரப்படுத்தினார். நாற்பத்தொன்றை வைத்துப் பட்டறையில் எடுத்து வந்திருந்த நத்தை வடிவ அச்சில், செந்நிறமாக அதைத் திரும்ப ஊற்றினார்கள். தர்ஷினிதான் லேடிலைத் திருப்பினாள். தூக்கும் முன் கொக்கியை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். அது மணியாகப் பேசியது.

கம்ப்யூட்டர் ஒலிகளை வரிசைப்படுத்த ஏழெட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. ராவுத்தர் ஸ்பீக்கரைப் போட்டார். பழைய பவுண்டரி அப்படியே அறைக்குள் வந்தது. மணல் சலிக்கும் சத்தம், ஊதுகுழல் இரைச்சல், யாரோ ஒருவரின் இருமல். நறுமுகைக்கு அந்த இடத்தின் வாசனைகூட வந்ததுபோல் இருந்தது. பிறகு, டொக். இடைவெளி. டொக்.

"சூப்பர்வைசர் சார், கொக்கி சத்தம் சரியில்லீங்க. விரிசல் உட்டுருக்குது. தூக்க வேண்டாமுங்க."

அப்பாவின் குரலைக் கேட்டதும் தர்ஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு குரல், அவசரக் குரல், பதில் சொன்னது. "மூணு அச்சு காத்துட்டு இருக்குதுய்யா. இரும்பு ஆறிப்போனா நீயா பதில் சொல்லுவே? தூக்கு."

"பத்து நிமிஷங்க. மாத்துக் கொக்கி போட்டுக்கலாம்."

"தூக்குன்னா தூக்கு."

கொஞ்ச நேரம் ஊதுகுழல் மட்டும் இரைந்தது. பிறகு அதே திருமூர்த்தி, குரலை உயர்த்தி, அதட்டலாக.

"ஏம்மிணி, அங்க என்ன அண்ணாந்து பாத்துட்டு நிக்கறே? கேண்டீன்ல போயி டீ வாங்கிட்டு வா."

"நான் டீ வாங்கறதுக்கு இங்க வேலைக்கு வரலீங்க." அது நறுமுகையின் குரல். இருபத்திரண்டு வயசுக் குரல். இவ்வளவு மெல்லிசாகவா இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"பத்து டீ. போங்கறேன்ல."

செருப்புச் சத்தம் வேகமாக விலகிப் போனது. அது முழுக்கத் தேய்ந்த பிறகு இன்னொரு குரல், பொன்னுச்சாமியின் குரல், தயக்கமாகக் கேட்டது. "ஏனுங்ணா, ஊத்தறக்கு முன்னால டீ சொல்றீங்க? பாவம், அந்தப் புள்ள கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"கொக்கில விரிசல்னு சொன்னா, எங்க எங்கன்னு இன்னும் கிட்ட வந்து பாக்கும் அந்தப் புள்ள. அதோட கொணம் அப்படி. கோவிச்சுட்டுப் போகட்டும். போனாப் போதும். நீயும் அக்கட்டால போ."

"நீங்களுந்தான் வாங்களேன்."

"நான் புடிக்கலீன்னா வேற எவனாச்சும் சின்னப் பையனை நிறுத்துவாங்க. போடா."

"ஒத்தையில எப்படிங்ணா திருப்புவீங்க? நானும் புடிக்கறேன்."

கிரேன் நகரும் மணி அடித்தது. ராவுத்தர் சட்டென்று கையை நீட்டி நிறுத்திவிட்டார். அதற்கு மேல் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

 நறுமுகை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதோட குணம் அப்படி என்று அவர் சொன்னது அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு மாதத்தில் அந்த மனிதர் அவளை அவ்வளவு சரியாகக் கவனித்திருக்கிறார். அவள் அவரை ஒருநாளும் கவனிக்கவில்லை. அவள் வாழ்ந்த முப்பத்து மூன்று வருஷம், பதினோரு பேர் கச்சேரி, பாராட்டிய கட்டுரைகள், தட்டிய கைகள் எல்லாமே அவர் விட்டெறிந்த அந்த அதட்டலுக்குள் இருந்து வந்தவை. அவர் கொடுத்த எச்சரிக்கையைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். அவரையே கேலி செய்தும் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

"தர்ஷினி, நான் உங்கப்பாவை..." என்று ஆரம்பித்தாள். 

தர்ஷினி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோலக் கையை ஆட்டினாள். "அவரு நெனச்சதுதானுங்க நடந்துச்சு. நீங்க கோவிச்சுட்டுப் போயிட்டீங்க. அவருக்கு அது போதும்."

பிறகு போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து அம்மாவை அழைத்தாள். ராவுத்தர் திரும்ப ஒருமுறை அந்த ஒலியைப் போட, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தாள். முடிந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா, அம்மா என்று பதறினாள் தர்ஷினி.

"இருக்கேன் கண்ணு. செருப்பைத் தேடறேன். எதுத்தூட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன். அவளும் கேக்கோணுமில்ல, அவ புருஷன் உங்கப்பாவை உட்டுட்டுப் போகலீன்னு."

தர்ஷினி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை சத்தமாக வந்தது. அது துக்கமாக மட்டும் நறுமுகைக்குத் தோன்றவில்லை.

ராவுத்தர் அச்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊத்தி இருபது நிமிஷம்தான் ஆச்சு. இவ்வளவையும் இது கேட்டுட்டுத்தான் இருக்கு."

மூவரும் அச்சைத் திரும்பிப் பார்த்தார்கள். உருக்கினால் எல்லாம் போய்விடும் என்றுதானே நறுமுகை அழுதாள்? கொக்கியின் டொக் டொக், திருமூர்த்தியின் குரல், பொன்னுச்சாமியின் குரல், அவளுடைய அந்த மெல்லிசுக் குரல், எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத் திரும்ப இரும்புக்குள் போய்க்கொண்டிருந்தன. கூடவே, செருப்பைத் தேடும் ஒரு அம்மாவும்.

நறுமுகை எழுந்து வெளியே போனாள். கல்லூரிக் கேண்டீன் அடுத்த கட்டடத்தில்தான் இருந்தது. வளைந்த விரல்களால் தட்டைப் பிடிக்க முடியாது என்று கேண்டீன்காரர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு முழங்கையிலும் தட்டைத் தாங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, பாதி சிந்தியும் சிந்தாமலும் நான்கு டம்ளர் டீயைக் கொண்டு வந்து சேர்த்தாள். அவள் வந்த கோலத்தைப் பார்த்து ராவுத்தர் எழுந்திருக்கப் போனார். தர்ஷினி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மூன்று டம்ளரை அவரவர் முன்னால் வைத்தாள் நறுமுகை. நான்காவதை எடுத்து, இன்னும் சூடு தணியாத அச்சுக்குப் பக்கத்தில், இரும்பு மேசையின் மேல் வைத்தாள். டம்ளர் லேசாக மோதிச் சத்தம் வந்தது.

"அண்ணா, டீ கொண்டாந்துட்டேனுங்க" என்றாள்.

தர்ஷினி அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன்னுடையதைக் கையில் எடுத்தாள்.

"ஊத்தி முடிச்சாச்சுங்க. இனிக் குடிக்கலாம்."